விடியும்வரை வாசித்தவர்: மாலம் மஹ்மூத் கானியாவும் க்னாவா இசையும்

2015 மே மாதம் மொராக்கோவின் எஸ்ஸவீரா நகரத்தில் க்னாவா இசைத் திருவிழா நடந்தது. உடல் தளர்ந்திருந்த ஒரு கலைஞர் கிம்ப்ரி என்ற தன் மூன்று தந்தி வாத்தியத்தை மேடையிலேயே மகன் ஹுஸாமின் கையில் கொடுத்தார். அவர்தான் மாலம் மஹ்மூத் கானியா. அதே ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி அவர் காலமானார்.

அப்பா ஒரு வாத்தியத்தை மகனிடம் கொடுத்ததை ஏன் இத்தனை பேர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்? இணையத்தில் தேடினால் குழப்பம்தான் கூடும். ஒரு பக்கம் அவரை ஜாஸ் கலைஞர்களோடு சேர்க்கிறார்கள், இன்னொரு பக்கம் எலக்ட்ரானிக் இசையோடு. ஆவிகளை அழைக்கும் சடங்கு என்கிறார் ஒருவர், யுனெஸ்கோ பட்டியலில் உள்ள கலை என்கிறார் மற்றவர். இவை எல்லாமே உண்மை. ஆனால் இவை அனைத்துக்கும் அடியில் ஒரு வேலை இருக்கிறது: ஓர் இரவை, மாலையிலிருந்து விடியும்வரை, வழி தவறாமல் நடத்திக் கொடுக்கும் வேலை. மஹ்மூதின் பெருமை அந்த வேலையில்தான் இருந்தது என்பது என் கருத்து. அவருடைய இசைத்தட்டுகள் அந்த இரவிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகள். அதனால் இரவு என்னவென்று முதலில் பார்த்துவிடலாம்.

க்னாவா என்பவர்கள் யார்?

சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் மொராக்கோவுக்குக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் வழிவந்தவர்கள் க்னாவா. அவர்களுடைய இசைக்கும் சடங்குக்கும் அதே பெயர்தான். பெயரின் மூலம் பற்றி ஒத்த கருத்து இல்லை. பெர்பர் மொழிச் சொல் என்பார்கள், கானா, கினி என்ற இடப்பெயர்களோடு தொடர்பு என்றும் சொல்வார்கள்.

இந்த வரலாற்றில் மூன்று கட்டங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. 1591இல் மொராக்கோ சுல்தான் அஹ்மத் அல் மன்சூரின் படை சஹாராவைக் கடந்து, இன்றைய மாலி பகுதியில் இருந்த சொங்காய் பேரரசைத் தோற்கடித்தது. அதற்கு முன்பே நடந்துவந்த அடிமை வணிகம் அதன்பின் மேலும் பெருகியது.

2. 1672 முதல் 1727 வரை ஆண்ட மவ்லாய் இஸ்மாயில் கறுப்பின வீரர்களைக் கொண்டே ஒரு பெரும்படையைக் கட்டினார்.

3. 1760களில் சுல்தான் சிதி முஹம்மத் பின் அப்தல்லா அட்லாண்டிக் கரையில் எஸ்ஸவீராவைத் துறைமுக நகரமாக எழுப்பினார். ஐரோப்பியர்கள் அதை மொகடோர் என்றார்கள். இன்றைய மாலியிலுள்ள திம்புக்டு பக்கமிருந்து வந்த ஒட்டகக் கூட்டங்கள் சரக்கை இறக்கிய கடற்கரை அது. சரக்குகளோடு மனிதர்களும் வந்தார்கள்.

வந்தவர்கள் இஸ்லாத்தை ஏற்றார்கள். ஆனால் கொண்டுவந்த தெய்வப் பெயர்களையும் தாளங்களையும் முழுதாக விடவில்லை. நபிகளின் தோழரும், அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்று இஸ்லாத்தின் முதல் பாங்கு அழைப்பாளர் ஆனவருமான பிலாலைத் தங்கள் ஆன்மிக மூதாதையாக வரித்துக்கொண்டார்கள். எஸ்ஸவீராவில் அவர் பெயரிலேயே ஒரு தைக்கா, அதாவது சடங்குக்காகக் கூடும் மடம், இருக்கிறது. பாடல்களில் அரபு கலந்திருக்கும், நடுநடுவே பம்பாரா, ஹவுசா போன்ற மொழிச் சொற்கள் வரும். அவற்றில் பலவற்றுக்குப் பாடுகிறவர்களுக்கே இன்று பொருள் தெரியாது. அந்த மொழிகளைப் பேசியவர்கள் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது, ஒலி மட்டும் நாக்கில் தங்கிவிட்டது. அந்தச் சொற்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகிறது.

மாலம் என்றால் என்ன?

அரபு மொழியில் முஅல்லிம் என்றால் கற்பிப்பவர். மொராக்கோ பேச்சில் அது மாலம் என்று ஒலிக்கிறது. தச்சர், கொத்தனார், தோல் தொழிலாளி என்று கைத்தொழிலில் தேர்ந்த எவரையும் அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். தமிழிலும் இந்தச் சொல் இருக்கிறது. கப்பலுக்கு வழிகாட்டுகிறவரை நாம் மாலுமி என்கிறோமே, அதுவும் இதே அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

க்னாவா மாலத்தை மாலுமி என்று நினைத்துக்கொண்டாலே பாதி விளங்கிவிடும். அவர் கிம்ப்ரி வாசிப்பார், முன்பாட்டுப் பாடுவார், குழுவை நடத்துவார். நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களும், எந்தப் பாடலுக்குப் பின் எது என்ற வரிசையும் அவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். எழுதி வைத்த ஏடு கிடையாது. இந்தப் பட்டத்தைத் தரும் பள்ளியும் இல்லை. சிறுவனாக வரிசையின் கடைசியில் நின்று இரும்புத் தாளம் போடுவதில் தொடங்கி, ஆட்டம், பின்பாட்டு, அப்புறம் கிம்ப்ரி என்று பல ஆண்டுகள் போகும். ஓர் இரவு முழுவதையும் அவனால் தனியே நடத்த முடிகிறது என்று மற்ற மாலம்கள் ஒப்புக்கொள்ளும் நாளில்தான் அவன் மாலம்.

லீலா: ஓர் இரவின் வரிசை

க்னாவா சடங்குக்கு லீலா என்று பெயர். லீலை என்ற நம் சொல்லோடு இதற்குத் தொடர்பில்லை, அரபியில் லைலா என்றால் இரவு. ஒரு வீட்டில் தீராத நோயோ, மனச்சோர்வோ, தொடர்ந்து துன்பமோ இருந்தால், அல்லது ஏற்கெனவே ஓர் ஆவியோடு உறவில் இருப்பவர் ஆண்டுக் கடமையைச் செய்ய விரும்பினால், க்னாவா குழுவை வீட்டுக்கு அழைப்பார்கள். ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாதம்தான் இதற்கு முக்கியமான பருவம். ரமலானில் ஜின்கள் எனும் ஆவிகள் கட்டப்பட்டிருக்கும் என்பது நம்பிக்கை, அதனால் அம்மாதத்தில் லீலா கிடையாது.

இங்கே ஒரு தவறான புரிதலை நீக்கிவிட வேண்டும். இது பேயோட்டுதல் இல்லை. வந்த ஆவியை விரட்டுவது நோக்கமே அல்ல. அதற்குப் பிடித்த பாட்டு, நிறம், வாசனை எல்லாம் கொடுத்து, அதோடு சமாதானமாக வாழ வழி செய்துகொள்கிறார்கள். விரட்டினால் ஒருமுறையோடு முடிந்துவிடும். உறவு என்றால் ஆண்டுதோறும் பேண வேண்டும். மாலத்தின் தொழில் தலைமுறைகளாகத் தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரவு மூன்று பகுதியாகப் போகும்.

1. ஆதா. தெருவில் ஊர்வலம். வளைந்த குச்சியால் அடிக்கும் பெரிய முரசுகள், மெழுகுவர்த்திகள், வருகிறவர்களுக்குப் பேரீச்சையும் பாலும்.

2. குயு. வீட்டுக்குள் ஆட்டமும் விளையாட்டும். குழுவினர் ஒவ்வொருவராக வந்து ஆடுவார்கள், முன்னோரை நினைக்கும் பாடல்கள் வரும். இன்னும் யாருக்கும் அருள் இறங்காது.

3. ம்லூக். அதாவது ஆவிகள், மனிதரைத் தம் உடைமையாகக் கொள்கிறவர்கள். இரவின் இதயம் இதுதான், இது விடியும்வரை போகும்.

மூன்றாம் பகுதிக்கு மொகத்தமா என்ற பெண் வேண்டும். தூபங்களும் நிறத் துணிகளும் வைத்த தட்டு அவள் பொறுப்பு. எந்த ஆவிக்கு என்ன தேவை என்று அறிந்தவளும், ஆடுகிறவரைத் தாங்கிப் பிடிக்கிறவளும் அவள்தான். அந்தத் தட்டில் தவறாமல் இருப்பது ஜாவி என்னும் பிசின். பழைய அரபு வணிகர்கள் சுமத்ரா பக்கத்தை ஜாவா என்று அழைத்ததால் வந்த பெயர் அது. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை மாலை புகையும் சாம்பிராணி இந்தக் குடும்பத்துப் பிசின்தான். ஒரே கடல்வழியில் கிழக்கிலிருந்து மேற்கே போன மணம்.

ம்லூக் பகுதி நிறங்களாகப் பிரிந்தது. எண்ணிக்கை ஏழு என்பார்கள், ஆனால் வரிசையும் விவரமும் ஊருக்கு ஊர் மாறும். வெள்ளை நிறத்தில் அப்துல் காதிர் ஜீலானியை அழைப்பார்கள். தமிழ் முஸ்லிம்கள் முகையதீன் ஆண்டவர் என்று போற்றுகிறவர் அவரே. கறுப்பில் சிதி மிமூன். நீலம் கடலுக்குரிய சிதி மூசாவுக்கு, அவர் இறங்கினால் தண்ணீர்க் கிண்ணத்தைத் தலையில் வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஆடுவார்கள். சிவப்பு சிதி ஹமூவுக்கு, அவர் இறைச்சி வெட்டும் இடத்துக்குரியவர், கத்தியோடு ஆடுவார். பச்சை நிறம் நபியின் வழித்தோன்றல்களுக்கு. மஞ்சள் லல்லா மிராவுக்கு, வாசனைத் திரவியமும் இனிப்பும் சிரிப்பும் அவளுக்குப் பிடிக்கும்.

இப்போது மாலத்தை நெருங்கிப் பாருங்கள். அவர் தரையில் சம்மணமிட்டு, கிம்ப்ரியை மடியில் கிடத்தி உட்கார்ந்திருக்கிறார். கூட்டத்தில் ஒரு பெண்ணின் தோள் நடுங்கத் தொடங்குகிறது. எழுந்து வந்து அவருக்கு முன்னே குனிந்து தலையை ஆட்டுகிறாள். மொகத்தமா உரிய நிறத் துணியை அவள்மேல் போர்த்தி, புகையைக் காட்டுகிறாள். மாலத்தின் கண் அந்தப் பெண்ணின் காலிலிருந்து நகராது. அவள் வேகத்துக்கு அவர் வாசிக்கிறார், கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை ஏற்றுகிறார், பாடகர்கள் நிறுத்திவிட இரும்பும் தந்தியும் மட்டும் மிஞ்சுகின்றன. அவள் ஓய்ந்து கீழே அமரும்வரை அவர் நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் அவளுக்கு ஆகாது என்பது விதி. பாட்டு எத்தனை நிமிடம் என்று தீர்மானிக்கிறவள் ஆடுகிறவள், கை வலிப்பது மாலத்துக்கு. ஒருத்தி முடிக்கும் முன்பே இன்னொருத்தி எழுந்துவிட்டால் அவளுக்கும் சேர்த்து வாசித்தாக வேண்டும்.

கிம்ப்ரி எப்படி வேலை செய்கிறது?

ஒரே மரத்துண்டைக் குடைந்து, வாய்ப்பக்கத்தை ஒட்டகத் தோலால் மூடி, உருண்டையான கோல் ஒன்றைக் கழுத்தாகச் செருகினால் கிம்ப்ரி. தந்திகள் ஆட்டுக் குடலால் ஆனவை. வீணையில் இருப்பதுபோல் மெட்டுகள் கிடையாது. முறுக்கும் பிரடைகளும் இல்லை, கழுத்தைச் சுற்றிக் கட்டிய தோல் வார்களை நகர்த்தியே சுருதி சேர்ப்பார்கள்.

மூன்று தந்திகளில் இரண்டு நீளம், ஒன்று குட்டை. நம் இசைமொழியில் சொன்னால் ஒரு நீளத் தந்தி கீழ் ஸட்ஜம், மற்றது மத்தியமம், குட்டைத் தந்தி மேல் ஸட்ஜம். குட்டைத் தந்தியை விரலால் அழுத்துவதே இல்லை, அது திறந்தபடியே ஒலித்துக்கொண்டிருக்கும். பாடல்கள் பெரும்பாலும் ஐந்து ஸ்வரங்களில் அமைந்தவை.

முகப்பு தோலால் ஆனது என்பதால் இந்த வாத்தியம் ஒரு முரசும்கூட. வலக்கை விரல்கள் தந்தியை மேலிருந்து கீழாகத் தட்டும்போதே தோலிலும் அடி விழும். கழுத்தின் நுனியில் வளையங்கள் கோத்த தகடு ஒன்றைச் செருகினால் ஒவ்வோர் அடிக்கும் அது சலசலக்கும். ஆக ஒரே கையில் மெட்டு, தாளம், சலசலப்பு மூன்றும் வந்துவிடுகின்றன. இதன்மேல் கர்கபா எனும் இரட்டை இரும்புத் தாளங்கள் சேரும். பூட்டிய குதிரை ஓடுவதுபோன்ற அவற்றின் நடை மூன்றா நான்கா என்று எண்ணிப் பிடிக்க முடியாமல் இரண்டுக்கும் இடையே நிற்கும். காது எதிலும் நிலைகொள்ள முடியாத இந்த இடைவெளிதான் உடலை அசைக்கிறது என்று நினைக்கிறேன்.

கானியா வீடு

மஹ்மூத் 1951இல் எஸ்ஸவீராவில் பிறந்தார். தந்தை பூபக்கர் கானியா அந்த நகரத்தின் பெயர்பெற்ற மாலம், 2000இல் மறைந்தார். சகோதரர்கள் அப்தல்லாவும் மொக்தாரும் மாலம்களே, அப்தல்லா 2013இல் இறந்தார். சகோதரி ஸைதா மொகத்தமா. அதாவது ஒரு லீலாவுக்குத் தேவையான அத்தனை பேரும் ஒரே குடும்பத்தில் இருந்தார்கள். தந்தி வாசிப்பது ஆண்களுக்கு, தட்டும் தூபமும் பெண்களுக்கு என்ற வேலைப் பிரிவினையையும் அந்த வீட்டிலேயே பார்க்கலாம்.

எஸ்ஸவீரா, மராகெஷ், வடக்கே தாஞ்சியர் என்று ஊருக்கொரு பாணி உண்டு. மஹ்மூத் எஸ்ஸவீரா பாணியைச் சேர்ந்தவர். அவர் வாசிப்பில் கீழ்த்தந்தியின் அடி ஆழமாக, அவசரமில்லாமல் விழும். குரலில் ஒரு கரகரப்பு, அழைப்பு விடுத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிற நிதானம். மொராக்கோவுக்குள் அவர் பெயரைப் பரப்பியவை கேசட்டுகள். வெளிநாட்டு இசைத்தட்டுகள் வருவதற்கு முன்பே கடைகளிலும் டாக்சிகளிலும் அவர் குரல் ஒலித்தது. அவரை க்னாவாவின் அரசர் என்றே பலர் அழைத்தார்கள்.

வெளியார் வந்தபோது

வெளிநாட்டுக் கலைஞர்கள் க்னாவாவைத் தேடி வந்தது மஹ்மூதுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டன் 1960களின் கடைசியில் தாஞ்சியரில் தங்கி, மாலம் அப்தல்லா எல் கூர்தோடு நெருங்கிப் பழகினார். மஹ்மூதின் வாழ்க்கையில் முக்கியமான சந்திப்பு 1994இல் நடந்தது. தயாரிப்பாளர் பில் லாஸ்வெல் ஜாஸ் சாக்ஸஃபோன் மேதை ஃபாரோ சாண்டர்ஸை எஸ்ஸவீராவுக்கே அழைத்து வந்தார். அங்கே பதிவானதுதான் 'ஏழு நிறங்களின் மயக்கம்' என்று பொருள்படும் தலைப்போடு வந்த இசைத்தட்டு. ஏழு நிறம் என்பது லீலாவின் நிறங்களே.

அந்தப் பதிவில் இரங்கலும் சேர்ந்துகொண்டது. சாண்டர்ஸோடு முன்பு வாசித்த கிட்டார் கலைஞர் சோனி ஷாராக் அந்த ஆண்டு மே மாதம்தான் இறந்திருந்தார். அவருக்காக எஸ்ஸவீராவின் பெயரோடு ஓர் அஞ்சலி அதில் இருக்கிறது. மற்ற இடங்களில் கவனித்தால், சாண்டர்ஸின் சாக்ஸஃபோன் ஆடுகிறவரின் இடத்தில் நிற்பது தெரியும். கிம்ப்ரி தன் சுற்றை விட்டு நகராது, சாக்ஸஃபோன் அதற்கு முன்னால் வந்து குலுங்கி, அலறி, ஓய்ந்து போகும். மஹ்மூத் ஜாஸ் வாசிக்க முயலவே இல்லை. லீலாவில் யார் எழுந்து வந்தாலும் என்ன செய்வாரோ, அதையே செய்தார்.

பிறகு ஜெர்மானிய சாக்ஸஃபோன் கலைஞர் பீட்டர் ப்ரோட்ஸ்மான், டிரம்ஸ் கலைஞர் ஹமீத் டிரேக் ஆகியோரோடு ஆஸ்திரியாவின் வெல்ஸ் நகரத்தில் வாசித்தது இசைத்தட்டாக வந்தது. கடைசி ஆண்டுகளில் இங்கிலாந்தின் எலக்ட்ரானிக் கலைஞர்கள் ஜேம்ஸ் ஹோல்டன், ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ் ஆகியோரோடு மராகெஷில் செய்த பதிவு 2015இல் வெளியானது.

திருவிழா எதை மாற்றியது?

1998இல் எஸ்ஸவீராவில் க்னாவா திருவிழா தொடங்கியது. மஹ்மூத் அதன் தூண்களில் ஒருவர். அதன் விளைவுகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

1. மரியாதை. அடிமை வம்சத்தினரின் மூடப்பழக்கம் என்று பலர் முகம் சுளித்த ஒன்று, நாட்டின் பெருமையாக மேடை ஏறியது. இதை நான் பெரிய மாற்றமாகவே பார்க்கிறேன். 2019 டிசம்பரில் யுனெஸ்கோ க்னாவாவை மானுடத்தின் வாழும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது இதன் தொடர்ச்சி. மஹ்மூத் அதைப் பார்க்க இல்லை.

2. நேரம். விடியும்வரை போகும் வரிசை ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. ஆடுகிறவரின் காலைப் பார்த்து நீட்டிக் குறுக்கும் இடமில்லை, கடிகாரம் தீர்மானிக்கிறது. மேடைக்கு மொகத்தமாவும் தூபமும் தேவைப்படுவதில்லை, அதனால் பெண்களின் பங்குதான் முதலில் மறைந்தது.

3. கற்றல். மேடைக்கு இருபது பாட்டு தெரிந்தால் போதும். இளைஞர்கள் லீலாவில் இரவுகளைக் கழிக்காமலே மாலம் என்று பெயர் போட்டுக்கொள்ள முடிகிறது. மூத்த மாலம்களுக்கு இதில் வருத்தம் உண்டு. வாய்வழியாக மட்டும் வாழும் வரிசை ஒரு தலைமுறை விட்டுப்போனால் திரும்பக் கிடைக்காது.

மூன்றாவது புள்ளிக்கு மறுபக்கமும் இருக்கிறது. திருவிழா திறந்த வாசல் வழியாகத்தான் காசாபிளாங்காவின் அஸ்மா ஹம்ஸாவி போன்ற பெண்கள் கிம்ப்ரியைக் கையில் எடுத்து மேடையில் குழுவை நடத்துகிறார்கள். அஸ்மாவின் தந்தையும் மாலம், அவரிடம்தான் கற்றார். தட்டு ஏந்திய பெண்களுக்கு மேடை இடம் தரவில்லை, தந்தி ஏந்திய பெண்களுக்குத் தந்தது.

இந்தப் பின்னணியில் 2015 மேடையை மறுபடி பாருங்கள். மஹ்மூத் கிம்ப்ரியைக் கொடுத்தது திருவிழா மேடையில்தான், ஆனால் கைமாறியது மேடைக்குரிய இருபது பாட்டு அல்ல. ஹுஸாம் அந்த வீட்டில் பிறந்து, லீலாக்களில் வளர்ந்தவர். சபை நடுவே மூத்த மாலம் ஒப்புக்கொள்கிற பழைய முறையை மஹ்மூத் புதிய இடத்தில் செய்துகாட்டினார். தந்தையின் கடைசி ஸ்டுடியோ பதிவு 2017இல் இசைத்தட்டாக வந்தது. ஹுஸாமின் இசைத்தட்டு 2019இல் வந்தபோது, அதன் தலைப்பு சிதி மூசாவின் நீலப் பாடல்களையும் எஸ்ஸவீரா பாணியையும் சேர்த்துச் சொல்வதாக இருந்தது.

முதல்முறை கேட்கிறவர்களுக்கு

1. சிறிய ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். கிம்ப்ரியின் கீழ்த்தந்தி அதில் வராது, இரும்புச் சத்தம் மட்டும் காதில் குத்தும். ஹெட்ஃபோன் இருந்தால் போதும்.

2. முதல் இரண்டு நிமிடம் பாட்டை விட்டுவிட்டுக் குட்டைத் தந்தியைத் தேடுங்கள். மாறாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கும் மேல் ஸ்வரம் அது. பிடித்துவிட்டால் மற்ற இரண்டு தந்திகள் அதைச் சுற்றி எப்படி நடக்கின்றன என்பது தானே விளங்கும்.

3. பாடல் முடியும் இடத்தைக் கவனியுங்கள். வேகம் ஏறும், குரல்கள் விலகும், கர்கபா உச்சத்துக்குப் போகும், பிறகு எல்லாம் சட்டென்று நிற்கும். லீலாவாக இருந்தால் அந்த நொடியில் ஒருத்தி தரையில் அமர்ந்திருப்பாள், இன்னொருத்தி அவள் முகத்திலிருந்து துணியை விலக்கிக்கொண்டிருப்பாள்.